தங்கத்தின் இரண்டு நிறங்கள்: ஜெர்மானிய ரூபி கண்ணாடியும் அதன் பூணும்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மூடி போட்ட ஒரு சின்னக் குவளை. 1700-ஐ ஒட்டித் தெற்கு ஜெர்மனியில் செய்த ரகம். மேசையில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் தெரியும். சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் அதன் உண்மையான நிறம் வெளியே வரும். கண்ணாடி தடித்திருக்கும் அடிப்பகுதியில் நன்றாகப் பழுத்த மாதுளை முத்தின் சிவப்பு. சுவர் மெலிந்துகொண்டே மேலே போகப் போக அது ரோஜா நிறமாக வெளுக்கும். வாய் விளிம்பில் ஒரு பட்டை, அடியில் ஒரு வளையம், மூடியைச் சுற்றி இன்னொன்று, மூடியின் உச்சியில் ஒரு குமிழ். இந்த நாலும் வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியவை.

இந்த உலோக வேலைக்குத் தமிழில் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. உலக்கை முனையில் போடுகிற இரும்பு வளையத்துக்கும், வலம்புரிச் சங்கின் வாயில் கட்டுகிற வெள்ளிக்கும், ருத்திராட்சத்தைப் பிடித்திருக்கிற தங்கத்துக்கும் நாம் என்ன சொல்கிறோமோ அதேதான்: பூண். தேய்கிற, உடைகிற, நழுவுகிற ஒரு பொருளைக் காப்பாற்றவும் அழகாக்கவும் உலோகம் கட்டுவது.

அந்தக் குவளையில் மஞ்சளாக மின்னுவது தங்கம் என்று எல்லோருக்கும் தெரியும். சிவப்பாக இருப்பதும் தங்கம்தான்; தங்கத்தால் சிவந்த இந்தக் கண்ணாடிக்குத்தான் ரூபி கண்ணாடி என்று பெயர். ஒன்று பாதரசத்தில் கரைந்து வெள்ளியின் மேல் ஏறியது. மற்றது அமிலத்தில் கரைந்து கண்ணாடிக்குள் போனது. இரண்டு வேலையும் வேறு வேறு கைகளில், பெரும்பாலும் வேறு வேறு ஊர்களில் நடந்தன. கண்ணாடி வரலாறு எழுதுகிறவர்கள் கண்ணாடியைப் பற்றி எழுதுவார்கள், வெள்ளி வேலை தெரிந்தவர்கள் வெள்ளியைப் பற்றி எழுதுவார்கள். அப்படிப் பிரித்தால் இந்தப் பொருளின் பாதிக் கதை போய்விடும். ஏனென்றால் கண்ணாடி தன் ஊரையும் வயதையும் சொல்லாது. அதைச் சொல்கிற வாய் பூணுக்குத்தான் உண்டு. அதுவும் சில சமயம் தவறாகச் சொல்லும்.

முதலில் சிவப்பை எடுத்துக்கொள்வோம். தங்கம் சாதாரண அமிலங்களில் கரையாது. நைட்ரிக் அமிலத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கலந்தால் கிடைக்கும் ராஜ திராவகத்தில் கரையும். அப்படிக் கரைத்த தங்கத்தைக் கண்ணாடிக் கலவையில் சேர்த்தால் சிவப்பு வரும் என்று பிளாரன்ஸைச் சேர்ந்த அந்தோனியோ நேரி என்ற பாதிரியார் 1612-லேயே அச்சில் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு குறிப்பு அச்சில் இருப்பது வேறு, அதை வைத்து ஒழுங்காக ஒரு குவளை ஊதி எடுப்பது வேறு. இடையில் சுமார் எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

சிக்கல் என்னவென்றால், தங்கம் சேர்த்த கண்ணாடி உலையிலிருந்து வெளியே வரும்போது சிவப்பாக இருக்காது. நிறமே இல்லாமலோ லேசான மஞ்சளாகவோ இருக்கும். அதை மறுபடி மெதுவாகச் சூடாக்க வேண்டும். அப்போதுதான் கண்ணாடிக்குள் பரவிக் கிடக்கும் தங்க அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மிக நுண்ணிய துகள்களாகும். சிவப்பு அந்தக் கட்டத்தில்தான் கண்முன்னே ஏறும். வெல்லப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது புரியும். பதம் வருவதற்கு முன் இறக்கினால் நிறம் வராது. பதம் தாண்டினால் துகள்கள் பெருத்து, கண்ணாடி கலங்கி, ஈரல் நிறமாகிவிடும். ஈரல் நிறம் என்பது என் உவமை இல்லை, கண்ணாடித் தொழிலில் இருப்பவர்களே கெட்டுப்போன ரூபியை அப்படித்தான் சொல்வார்கள்.

இதற்குத் தேவைப்படும் தங்கம் மிகக் குறைவு. மொத்த எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ரூபி கண்ணாடி விலை உயர்ந்ததாக இருந்ததற்குத் தங்கத்தின் விலையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. வீணாகிப்போன, கண்ணாடி உருக்கும் மூசைகளும், எரிந்த விறகும், பதம் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்த சம்பளமும் அந்த விலைக்குள் இருக்கின்றன.

அப்படியானால் மஞ்சள் உலோகம் ஏன் சிவப்பாகத் தெரிகிறது? அந்தக் காலத்து ரசவாதிகளுக்கு இது தங்கத்தின் ஆன்மா வெளியே தெரிகிற மாதிரி இருந்தது. மற்ற உலோகங்களைத் தங்கமாக்கும் என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்த ரசவாதக் கல்லும் சிவப்பு என்றே நம்பினார்கள். விளக்கம் வெகு நாள் கழித்துத்தான் வந்தது. 1857-இல் மைக்கேல் ஃபாரடே, தங்கம் மிக நுண்ணிய துகளாகப் பிரிந்திருப்பதுதான் இந்த நிறத்துக்குக் காரணம் என்று லண்டனில் ஓர் உரையில் காட்டினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யேனா நகரத்தில் ரிச்சர்ட் ஸிக்மோண்டியும் ஹென்ரி ஸீடன்டாஃப்பும் சேர்ந்து அல்ட்ரா மைக்ரோஸ்கோப் என்ற கருவியை உருவாக்கி, ரூபி கண்ணாடிக்குள் இருக்கும் துகள்களை ஒளிப்புள்ளிகளாகவே பார்த்தார்கள். ஸிக்மோண்டிக்கு 1925-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு துகளின் அளவு சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் தங்கம் பச்சை ஒளியை விழுங்கிக்கொண்டு சிவப்பை உள்ளே விடுகிறது. இன்று நானோ தொழில்நுட்பம் என்று நாம் பெரிதாகப் பேசுவதை, பெயர் தெரியாமலே உலை முன்னால் நின்று செய்தார்கள்.

இன்னொரு பெயரையும் சொல்லிவிட வேண்டும். ஆந்திரேயாஸ் காசியஸ். தங்கக் கரைசலோடு வெள்ளீயக் கரைசலைச் சேர்த்தால் ஊதா நிறத்தில் ஒரு வண்டல் படியும். 1685-இல் வந்த அவருடைய நூலால் அதற்குக் காசியஸ் ஊதா என்றே பெயர் நின்றுவிட்டது. அதற்கு முன்பே யோஹான் கிளாபர் இதைக் குறிப்பிட்டிருக்கிறார் என்றாலும் பெயர் காசியஸுக்குப் போனது. பின்னாளில் பீங்கானில் ரோஜா நிறம் தீட்டவும் இதே பொருள்தான் உதவியது.

இப்போது யோஹான் குன்கெல். கண்ணாடி ஊதும் குடும்பத்தில், ஹோல்ஸ்டைன் பகுதியில் பிறந்தவர். சாக்ஸனி அரசவையில் ரசவாதியாக இருந்துவிட்டு, 1670-களின் கடைசியில் பெர்லினைச் சுற்றியிருந்த பிராண்டன்பர்க் நாட்டின் ஆட்சியாளர் ஃபிரெடரிக் வில்லியமிடம் வந்து சேர்ந்தார். 1679-இல் நேரியின் நூலை ஜெர்மனில் பெயர்த்து, ஒவ்வொரு குறிப்பையும் தானே செய்து பார்த்த முடிவுகளோடு வெளியிட்டார். எது சரியாக வரும், எது வராது என்று அவ்வளவு தாராளமாகச் சொன்னவர், ரூபி சிவப்பின் முறையை மட்டும் சொல்லவில்லை. அவருடைய பிழைப்பு அதில்தானே இருந்தது.

1685-இல் ஆட்சியாளர் அவருக்கு ஒரு தீவையே கொடுத்தார். பெர்லினுக்கும் போட்ஸ்டாமுக்கும் நடுவில், ஹாவல் ஆற்றில் இருக்கும் அந்தத் தீவை இன்று மயில் தீவு என்கிறார்கள். அப்போது அது முயல்கள் வளர்த்த இடம். வெளியாள் உள்ளே வரக்கூடாது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்குப் புகையும் நெருப்பும்தான் தெரிந்தன. உள்ளே குன்கெல் ரூபி கண்ணாடியும் செய்தார், ஆப்பிரிக்கக் கடற்கரை வியாபாரத்துக்காகக் கண்ணாடி மணிகளும் செய்தார். அந்த இரண்டாவது வேலையை நாம் லேசாகக் கடந்துபோகக் கூடாது. பிராண்டன்பர்க் அந்த நாட்களில் கினிக் கடற்கரையில் கோட்டை கட்டி, மனிதர்களையும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தது. ஒரே தீவின் கண்ணாடி ஒரு பக்கம் அரசரின் அலமாரிக்கும் இன்னொரு பக்கம் அந்தச் சந்தைக்கும் போனது.

குன்கெலின் மிகப் பெரிய ரூபி வேலை, கொலோன் நகரப் பேராயருக்காகச் செய்த ஒரு கிண்ணம். எடை 24 பவுண்டு, தடிமன் ஓர் அங்குலம் என்று அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு தடித்த கண்ணாடியில் நிறத்தைச் சீராக ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பதம் பற்றி மேலே சொன்னதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

1688-இல் ஆட்சியாளர் இறந்தார். அடுத்த வருடம் தீவிலிருந்த கண்ணாடிக்கூடம் எரிந்துபோனது. புது ஆட்சி வந்ததும் செலவுக்குக் கணக்குக் கேட்டார்கள். இத்தனை பணம் கொட்டியதால் என்ன பயன் என்ற கேள்விக்கு, மறைந்த அரசர் அரிதான, அழகான பொருள்களை விரும்பினார், அப்படி ஒன்று கைகூடி வந்தால் சந்தோஷப்பட்டார், அதனால் என்ன பயன் என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது என்ற பொருள்பட குன்கெல் விடை சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அப்புறம் அவர் ஸ்வீடனுக்குப் போனார். அங்கே அரசர் பதினொன்றாம் சார்லஸ் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். 1703-இல் இறந்தார்.

இந்தக் கதை அவ்வளவு நன்றாக இருப்பதால் ஒரு தப்பு நடந்துவிட்டது. பழைய சிவப்புக் கண்ணாடி எதைப் பார்த்தாலும் குன்கெல் கண்ணாடி என்று சொல்லும் வழக்கம் ஏலக் கடைகளிலும் சேகரிப்பாளர்களிடமும் வெகு காலம் இருந்தது. ஆனால் ரூபி கண்ணாடி தெற்கே பவேரியாவிலும், இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவிலும் கூட உருகியது. போட்ஸ்டாம் பக்கத்துக் கண்ணாடி பொதுவாகத் தடிப்பானது, ஆழமாக வெட்டிச் செதுக்கத் தோதானது. கோட்ஃப்ரீட் ஸ்பில்லர் மாதிரியான செதுக்கு வல்லுநர்கள் அங்கே இருந்தார்கள். தெற்கத்திக் கண்ணாடி மெல்லியது. வரிவரியான அச்சில் ஊதியதால் பூசணிக்காய் மாதிரி பட்டை பட்டையாக மேடு இருக்கும். தடித்த கண்ணாடி தன் காலிலேயே நிற்கும். மெல்லியதற்குத் துணை வேண்டும். அந்தத் துணையைக் கொடுத்த ஊர், பெரும்பாலும் ஆக்ஸ்பர்க்.

தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் அன்றைக்கு ஐரோப்பாவின் வெள்ளிப் பட்டறை. கண்ணாடி அங்கே வெறும் உடலாக வந்து சேரும். பட்டறைக்காரர் அதை அளந்து வெள்ளித் தகட்டை வளைப்பார், அடிப்பார், செதுக்குவார். பிறகு முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய் பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். அதை வெள்ளியின் மேல் தூரிகையால் தடவிக் கரி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் மட்டும் வெள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் அது மங்கலாகத்தான் இருக்கும். அகேட் கல்லால் தேய்த்தபின் பளபளக்கும். அந்த ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் ஆடும், நரம்பு கெடும். மூன்று நூற்றாண்டு கழித்தும் அந்த முலாம் உரியாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

இவ்வளவும் கண்ணாடி பக்கத்தில் இல்லாமல் நடக்க வேண்டும். நெருப்புப் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். அதனால் முலாம் பூசி முடித்த பூணைக் கடைசியில் குளிர்ந்த நிலையில்தான் மாட்டுவார்கள். கிட்டே வைத்துப் பார்த்தால் அது எப்படி நிற்கிறது என்று தெரியும். அடி வளையத்தின் மேல் விளிம்பைச் சின்னச் சின்ன இலைப் பற்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் கண்ணாடியின் மேல் மெதுவாக மடித்திருப்பார்கள். உள்ளே இடைவெளியில் மெழுகோ பிசின் கலவையோ அடைத்திருக்கும். அந்தப் பற்களில் ஒன்றைக் கொஞ்சம் அழுத்தி மடித்திருந்தால் போதும், அத்தனை பாடுபட்ட சிவப்பு உடைந்திருக்கும்.

பூணுக்கு அழகு மட்டும் வேலை இல்லை. ஊதிய கண்ணாடியில் கீல் வைக்க முடியாது, அந்தக் காலத்தில் நல்ல திருகு மூடி போடவும் முடியாது. வாசனைத் தண்ணீர்க் குப்பிக்கு இறுக மூடும் மூடி வேண்டுமென்றால் கழுத்தில் வெள்ளி மரை ஏற வேண்டும். இந்தப் பொருள்கள் எதற்குப் பயன்பட்டன என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஒப்பனைப் பெட்டிகள், பவுடர் டப்பிகள், குப்பிகள், தேநீர்க் கிண்ணங்கள் எல்லாம் ஒரே தோல் பெட்டிக்குள் அடுக்கி, வண்டியில் கூடவே போகும். சமதளம் இல்லாத சாலையில் ஓடும் குதிரை வண்டியில் மெல்லிய கண்ணாடி போய்ச் சேர வேண்டுமென்றால் விளிம்பில் உலோகம் இருந்தே ஆக வேண்டும். இப்படிப்பட்ட ரூபி வேலைகளுக்குப் பூண் கட்டியவர்களில் ஆக்ஸ்பர்க்கின் தோபியாஸ் பௌர் பெயர் பெற்றவர்.

தேநீர்க் கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிடியில்லாத, சீனப் பீங்கான் வடிவத்திலேயே ரூபி கண்ணாடியில் கிண்ணமும் தட்டும் செய்தார்கள். மைசன் பீங்கான் ஆலை தொடங்கியது 1710-இல்தான். அதற்கு முன் ஐரோப்பியரால் உண்மையான பீங்கான் செய்ய முடியவில்லை. சீனாவிலிருந்து வருவதற்கு ஈடாக மேசையில் வைக்கத் தங்களிடம் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு ரூபி கண்ணாடி ஒரு பதிலாக இருந்தது. சுவாரசியம் என்னவென்றால் இந்த அறிவு எதிர்த் திசையிலும் பயணித்தது. வூர்ட்ஸ்பர்க்கைச் சேர்ந்த கிலியான் ஸ்டும்ஃப் என்ற இயேசு சபைப் பாதிரியார், 1696-இல் பெய்ஜிங்கில் காங்ஷி பேரரசருக்கு ஒரு கண்ணாடிக்கூடம் அமைத்துக் கொடுத்தார். அதற்குச் சில பத்தாண்டுகளுக்குள் சீனப் பீங்கானில் தங்கத்திலிருந்து பிறந்த ரோஜா நிறம் பெருகியது.

சரி, பூணை எப்படிப் படிப்பது? குவளையைத் தலைகீழாகத் திருப்பினால் அடி வளையத்தில் கடுகளவு ஒரு முத்திரை தெரியலாம். பைன் மரக் காய் மாதிரி இருந்தால் ஆக்ஸ்பர்க். N என்ற ரோமன் எழுத்து இருந்தால் நியூரம்பெர்க். பக்கத்தில் பட்டறைக்காரரின் பெயரெழுத்துகள். 1735-க்குப் பிறகு ஆக்ஸ்பர்க் காயின் கீழே ஓர் எழுத்தும் சேர்ந்துகொள்ளும், அது ஆண்டைச் சொல்லும். இவற்றோடு வளைந்து வளைந்து ஓடும் பூரான் மாதிரி ஒரு கீறல் இருந்தால் மனம் நிம்மதியாகும். வெள்ளியின் தரத்தைச் சோதிக்கத் துளி வெள்ளியைச் சுரண்டி எடுத்த தடம் அது. சுரண்டிய பிறகு அதை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை.

முத்திரை இல்லாவிட்டால் வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டும். அகந்தஸ் என்ற செடியின் கொழுத்த இலைகள் சுருண்டு சுருண்டு படர்ந்திருந்தால் 17-ஆம் நூற்றாண்டின் கடைசி, 18-இன் தொடக்கம். இலைகள் மெலிந்து, நடுநடுவே தட்டையான நாடாக்கள் பின்னியிருந்தால் 1710-லிருந்து 1740 வரைக்கும். முத்திரையே இல்லாத பூண் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை அல்ல. செம்பிலோ பித்தளையிலோ முலாம் பூசிய மலிவு விலைப் பூண்களும் அப்போதே இருந்தன, அவற்றில் முத்திரை குத்த வேண்டிய தேவை இல்லை.

பூண் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. கால் உடைந்துபோன கோப்பைக்குப் பின்னாளில் வெள்ளிக் கால் வைத்திருப்பார்கள். முலாம் பூசிய பழைய வளையம் ஒன்றை வேறொரு கண்ணாடிக்குக் கட்டியிருப்பார்கள். பற்கள் கண்ணாடியின் வரிகளோடு சேர்ந்து உட்காராமல் எங்கோ துருத்திக்கொண்டு நின்றால், அல்லது வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காரணமில்லாத இடைவெளி இருந்தால், இந்த இரண்டும் பிறவியிலேயே சேர்ந்தவையல்ல என்று நினைக்க இடமுண்டு. நான் முதலில் பார்ப்பது அந்தப் பற்களைத்தான், முத்திரையை அப்புறம்தான்.

19-ஆம் நூற்றாண்டு கதையைக் குழப்பிவிடுகிறது. 1830-களில் பொஹீமியாவில் ஃபிரீட்ரிக் ஏகர்மான் செம்பிலிருந்து ஒரு சிவப்புச் சாயத்தை உருவாக்கினார். நிறமற்ற கண்ணாடியின் மேல் தடவிச் சுட்டால் மேற்பரப்பு மட்டும் சிவக்கும். அதைச் செதுக்கினால் அடியில் வெள்ளையாகக் கண்ணாடி தெரியும். மான், கோட்டை, வெந்நீர் ஊற்று நகரங்களின் காட்சிகள் என்று செதுக்கிய இந்தக் கோப்பைகள் சுற்றுலாப் பயணிகளுக்காக ஏராளமாக வந்தன. இவற்றையும், பித்தளைக் கீல் வைத்த சிவப்புப் பெட்டிகளையும் பழைய ஜெர்மன் ரூபி என்று விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அழகானவைதான், ஆனால் தங்கச் சிவப்பு அல்ல. தங்கச் சிவப்பு மெலிந்த இடத்தில் ரோஜாவாகும், ஊதாப் பக்கம் சாயும். செம்புச் சிவப்பு செங்கல் பக்கம் சாயும். கண் பழகினால் இது பிடிபடும், உறுதிக்கு ஆய்வகத்தில் எக்ஸ் கதிர்ச் சோதனை இருக்கிறது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹானாவ் நகரப் பட்டறைகள் பழைய பாணியில் வெள்ளி வேலைகளைச் செய்து குவித்தன, பழசு மாதிரியான முத்திரைகளோடு. ஒரு பூணில் பிறை நிலாவும் கிரீடமும் 800 என்ற எண்ணும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அந்த முத்திரை ஜெர்மனியில் 1888-லிருந்துதான் நடைமுறைக்கு வந்தது.

வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: இதைத் தண்ணீரில் முக்கிக் கழுவாதீர்கள். பூணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஈரம் போய்த் தங்கினால் உள்ளிருக்கும் அடைப்பு இளகும், உலோகமும் கெடும். கார உப்பு கூடுதலாக உள்ள பழைய கண்ணாடி ஈரத்தில் வியர்க்கும், நாளடைவில் உள்ளுக்குள் மயிரிழை வெடிப்புகள் ஓடும். மென்மையான காய்ந்த தூரிகை போதும்.

மயில் தீவில் 1970-களில் குன்கெலின் கூடம் இருந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். உலைக் கசடு, மணிகள், கண்ணாடித் துண்டுகள் கிடைத்தன, அவற்றில் சிவப்பும் இருந்தது. அருங்காட்சியகங்களில் இருக்கும் முழுக் குவளைகளில் பலவற்றுக்குப் பூண் கட்டியவரின் பெயர் தெரியும், கண்ணாடி உருகிய உலை தெரியாது. இந்த உடைந்த துண்டுகளுக்கு அது மட்டும் தெரியும். அவற்றுக்குப் பூண் கட்ட யாரும் ஆக்ஸ்பர்க்குக்கு எடுத்துப் போகவில்லை.